உறங்கும் கணிப்பொறியை எழுப்புவது யார்?

முதுஅறிவியல் முதலாண்டு, கணிப்பொறி அறிவியல்

உறங்குகிறவனை எழுப்பிவிடலாம், உறங்குவது போல் நடிப்பவனை எழுப்ப முடியாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கணிப்பொறிக்கு நடிக்கத் தெரியாது. ஆயினும் அதன் உறக்கத்திலும் இரண்டு தொல்லைகள் உண்டு. எழக்கூடாத வேளையில் எழுந்துவிடுவது ஒன்று. எழ வேண்டிய வேளையில் எழாமற் போவது மற்றொன்று. முதல் தொல்லையை நான் பட்டறிந்தேன். இரண்டாவதை என் பேராசிரியர் கேட்ட ஒரு கேள்வியால் அறிந்தேன். இவ்விரண்டையும் கணிப்பொறியின் இயக்க அமைப்பு எவ்வாறு சமாளிக்கிறது என்பதைக் கணிப்பொறி பயிலாத மாணவ நண்பர்களுக்கும் விளங்கும்படி எழுத முற்படுகிறேன்.

பைக்குள் ஒரு விழிப்பு

சென்ற ஆண்டு இளம் அறிவியல் இறுதியாண்டில் நானும் என் நண்பனும் சேர்ந்து ஒரு திட்டப்பணி செய்தோம். என்னிடம் என் அண்ணன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய மடிக்கணினி ஒன்று இருந்தது. நண்பனிடம் அதுவும் இல்லை. மாலையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்துவிட்டு, கடை அடைத்த பிறகு மிதிவண்டியில் எங்கள் வீட்டுக்கு வருவான். நள்ளிரவு வரை உட்கார்ந்து வேலை செய்வான்.

வாய்மொழித் தேர்வுக்கு முந்திய இரவு, அறிக்கையின் கடைசி அத்தியாயத்தை அவனே தட்டச்சு செய்தான். நான் பக்கத்தில் பாயைப் போட்டுப் படுத்துவிட்டேன். இரண்டு மணி இருக்கும். பதினொரு பக்கங்களை முடித்துவிட்டு எழுந்தவன், வாசலில் நின்று, "சேமித்துவிடுடா" என்று சொன்னான். நான் "ம்" என்றேன். அவன் போன பிறகு எழுந்து போய், 'உறங்கு' என்னும் கட்டளையைக் கொடுத்துவிட்டு மூடியை மூடினேன். உறங்க வைத்தாலும் திரையில் உள்ளவை அப்படியே இருக்குமன்றோ?

காலையில் மடிக்கணினியையும், கம்பியில்லாத விசைப்பலகையையும், மௌஸையும் ஒரே பையில் திணித்துக்கொண்டு பேருந்தில் ஏறினேன். ஒரு மணி நேரப் பயணம். கல்லூரியில் இறங்கிப் பைக்குள் கையை விட்டால், இட்லிப் பானையைத் தொட்டது போல் இருந்தது. மடிக்கணினியைத் திறந்தேன்; உயிரே இல்லை. பேட்டரி முழுதும் தீர்ந்திருந்தது. மின்சாரம் கொடுத்து இயக்கியபோது அது புதிதாகத் தொடங்கியது. பதினொரு பக்கங்களும் போயின. கடைசி அத்தியாயம் இல்லாமலே தேர்வாளர் முன் நின்றோம். மதிப்பெண் குறைந்தது. நண்பன் என்னை ஒரு சொல் கடிந்து கொள்ளவில்லை. "சரி, விடு" என்றான். அதுதான் என்னை அதிகம் வருத்தியது.

உறங்க வைத்த கணிப்பொறி பைக்குள் எப்படி விழித்தது? அதை எழுப்பியது யார்? இந்தக் கேள்வியோடுதான் நான் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினேன்.

உறக்கத்தின் படிகள்

கணிப்பொறியின் மின்சார நிர்வாகத்துக்கு ஏ.பி.எம். என்னும் முறை 1992-ல் வந்தது. அதில் அதிகாரமெல்லாம் பயாஸ் என்னும் உள்ளமைந்த சிறு நிரலின் கையில் இருந்தது. பின்னர் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 1996 டிசம்பரில் ஏ.சி.பி.ஐ. என்னும் விதித்தொகுப்பை வெளியிட்டன. எதை அணைப்பது, எதை விழித்திருக்கச் செய்வது என்று முடிவு செய்யும் பொறுப்பு அதன் பிறகு இயக்க அமைப்பிடம் வந்து சேர்ந்தது.

அந்த விதித்தொகுப்பு எஸ்-0 முதல் எஸ்-5 வரை ஆறு நிலைகளைச் சொல்கிறது. எஸ்-0 என்பது முழு விழிப்பு. எஸ்-5 என்பது அணைந்த நிலை. எஸ்-4 என்பது நினைவகத்தில் உள்ளவற்றையெல்லாம் வட்டில் எழுதிவிட்டு அணைந்துவிடுவது. மின்சாரம் அறவே நின்றாலும் பொருள் அழியாது. நாம் வழக்கமாக உறக்கம் என்று சொல்வது எஸ்-3. இதில் மையச் செயலகம், திரை, வட்டு எல்லாம் அணைந்துவிடும். நினைவகத்துக்கும், எழுப்புவதற்கென்று விடப்பட்ட சில சுற்றுகளுக்கும் மட்டும் சிறிதளவு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்-3-க்குப் பதிலாக, எஸ்-0 நிலையிலேயே எல்லாவற்றையும் ஓயவைத்துக் கிடக்கும் வேறொரு முறை வந்துவிட்டது. என்னுடையது பழையது, எஸ்-3-ஐச் சேர்ந்தது.

நினைவகத்துக்கு மின்சாரம் ஏன் வேண்டும்? அதன் ஒவ்வொரு கலமும் மிகச் சிறிய மின்தேக்கி. ஓட்டைக் குடத்து நீர் போல அதிலுள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகையால் வழக்கமாக 64 மில்லிவினாடிக்குள் ஒருமுறை ஒவ்வொரு கலத்தையும் புதுப்பிக்க வேண்டும். பேட்டரி தீர்ந்தால் புதுப்பிப்பு நின்றுவிடும், நினைவகம் வெறுமையாகிவிடும். என் நண்பனின் பதினொரு பக்கங்கள் போனது இப்படித்தான்.

எழுப்பும் உரிமை

எஸ்-3 உறக்கத்தில் மையச் செயலகமே அணைந்திருப்பதால், எந்த நிரலும் ஓடாது. "எழுந்திரு" என்று சொல்ல வெளியிலிருந்து ஒரு சாதனம் வேண்டும். அது தரும் குறிப்பையே எழுப்பு நிகழ்ச்சி என்கிறோம்.

எழுப்பும் தகுதியுள்ள சாதனங்கள் பல. மின் பொத்தான், மடிக்கணினியின் மூடி ஆகியவை நாம் அறிந்தவை. கணிப்பொறிக்குள் இருக்கும் கடிகாரமும் குறித்த நேரத்தில் எழுப்பக்கூடியது. 1984-ல் ஐ.பி.எம். வெளியிட்ட ஏ.டி. கணிப்பொறியிலேயே மின்கலத்தால் ஓடும் அலாரக் கடிகாரச் சில்லு இருந்தது. வலைப்பின்னல் அட்டையும் எழுப்பும். அதற்கென்று ஒரு 'மாயப் பொட்டலம்' உண்டு. முதலில் எல்லா பிட்டுகளும் ஒன்றாக உள்ள ஆறு பைட்டுகள். அதன்பின் அந்த அட்டைக்கே உரிய ஆறு பைட்டு முகவரி பதினாறு முறை. ஆக 102 பைட்டுகள். வீதியில் எத்தனை பேர் பேசினாலும் எழாத ஒருவன், தன் பெயரைப் பதினாறு முறை கூப்பிட்டால் எழுவது போன்றது இது.

இனி என் கதைக்கு வருகிறேன். யு.எஸ்.பி. வழியில் மூன்று மில்லிவினாடி நேரம் எந்த அசைவும் இல்லையெனில், அதில் இணைந்த சாதனம் ஓய்வு நிலைக்குப் போய்விட வேண்டும் என்பது விதி. ஆனால் 'தொலை எழுப்பு' உரிமை பெற்ற சாதனம், தேவைப்படும்போது ஒரு மில்லிவினாடிக்குக் குறையாமலும் பதினைந்து மில்லிவினாடிக்கு மிகாமலும் வழியில் ஒரு குறிப்பை எழுப்பலாம். அந்தக் குறிப்பைப் பெற்ற மேல்மையம் அதைத் தொடர்ந்து பிடித்து நிறுத்தி, தூங்கும் பொறியைத் தட்டி எழுப்பும்.

கம்பியில்லாத விசைப்பலகைக்கும் மௌஸுக்கும் பொதுவான ஒரு சிறு ஏற்பி, என் மடிக்கணினியின் பக்கத்தில் செருகியபடியே இருந்தது. நகத்தளவுதான் இருக்கும். லினக்ஸ் இயக்க அமைப்பு, தொடக்க நிலை விசைப்பலகை விதிகளை ஏற்கும் யு.எஸ்.பி. சாதனம் எதுவாயினும் அதற்குத் தொலை எழுப்பு உரிமையைத் தானாகவே கொடுத்துவிடும். விசைப்பலகையைத் தட்டினால் கணிப்பொறி எழவேண்டும் என்று நாம் எல்லாரும் எதிர்பார்க்கிறோம் அல்லவா? இந்த ஏற்பியும் தன்னை விசைப்பலகை என்றே அறிவித்துக்கொள்கிறது. பேருந்து ஒவ்வொரு பள்ளத்திலும் குதித்தபோது, பைக்குள் விசைகள் அழுந்தின. ஏற்பி தன் கடமையைச் செய்தது. கணிப்பொறியும் தன் கடமையைச் செய்தது. மூடி மூடியிருந்தால் உறங்கு என்னும் அமைப்பையோ, முன்பு ஒருநாள் பாட்டுக் கேட்பதற்காக நானே நீக்கி வைத்திருந்தேன். ஆகவே எழுந்த பொறி மறுபடி உறங்கவில்லை. துணிப்பையின் வெக்கையில் விழித்தே கிடந்து பேட்டரியைத் தின்று தீர்த்தது.

இதில் ஒரு பாடம் உண்டு. எழுப்பும் தகுதி வேறு. எழுப்பும் அனுமதி வேறு. லினக்ஸின் உட்கரு ஒவ்வொரு சாதனத்துக்கும் இவ்விரண்டையும் தனித்தனியே குறித்து வைத்திருக்கிறது. தகுதி வன்பொருளைச் சேர்ந்தது. அதை நாம் மாற்ற முடியாது. அனுமதி நம் கையில் உள்ளது. அந்தந்தச் சாதனத்துக்குரிய 'வேக்கப்' என்னும் கோப்பில் ஒரு சொல்லை மாற்றி எழுதினால் போதும், அது எழுப்பாது. அந்த ஒரு சொல்லை நான் அறிந்திருக்கவில்லை.

பேராசிரியர் கேட்ட கேள்வி

இவ்வளவையும் படித்துக்கொண்டு போய் எங்கள் பேராசிரியரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "சரி தம்பி, தூங்கின பிறகு எழுப்புவதைச் சொன்னாய். தூங்கிக்கொண்டே போகிற அந்த நேரத்தில் எழுப்பினால் என்ன ஆகும்?" என்றார். எனக்கு விடை தெரியவில்லை. "போய்ப் பார்த்துவிட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

உறங்குவது ஒரு கணத்தில் நடப்பதன்று. அது ஒரு பயணம். முதலில் ஒரு நிர்வாக நிரல், "வேலை ஒன்றும் இல்லை, உறங்கலாம்" என்று முடிவு செய்கிறது. உட்கரு, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களையெல்லாம் அப்படியப்படியே உறைய வைக்கிறது. பிறகு சாதனங்களை ஒவ்வொன்றாக ஓய்வுக்கு அனுப்புகிறது. சாதனங்கள் வேலையிடையே குறுக்கிட்டு அழைக்கும் வழிகளை மூடுகிறது. ஒன்றைத் தவிர மற்ற மையச் செயலகங்களை நிறுத்துகிறது. கடைசியாகத்தான் வன்பொருளுக்கு உறக்கக் கட்டளை போகிறது.

இந்தப் பயணத்தின் நடுவே ஒரு கைப்பேசிக்கு அழைப்பு வருவதாக வைத்துக்கொள்வோம். வானொலிச் சில்லு, "அழைப்பு வந்திருக்கிறது" என்று குறிப்புத் தருகிறது. பொறி இன்னும் முழுதும் உறங்கவில்லை; ஆகவே அந்தச் சாதனத்துக்குரிய டிரைவர் என்னும் நிரல் அக்குறிப்பை வழக்கம்போல் பெற்று, செய்தியை வரிசையில் வைத்துவிடுகிறது. அதை எடுத்து மணி அடிக்க வேண்டிய நிரலோ அதற்குள் உறைந்துவிட்டது. பொறி உறங்கிவிடுகிறது.

இப்போது அதை மறுபடி எழுப்புவது யார்? யாருமில்லை. தந்த குறிப்பைத்தான் பெற்றாயிற்றே! அழைத்தவர் காத்திருக்கிறார், வரிசையில் செய்தி கிடக்கிறது, கைப்பேசி இருண்டு கிடக்கிறது. உறங்கும் முன் வந்த குறிப்பை விழிப்பில் இருப்பவர் கவனிப்பார். உறங்கிய பின் வந்ததை வன்பொருள் கவனிக்கும். இடையில் வந்ததைக் கவனிப்பாரில்லை. தொலைந்துபோன எழுப்பு நிகழ்ச்சி என்பது இதுதான். ஆயிரம் முறையில் ஒருமுறை நேர்ந்தாலும், அந்த ஒருமுறை மருத்துவமனையிலிருந்து வந்த அழைப்பாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

மருத்துவரும் கம்பவுண்டரும்

2008-ல் முதல் ஆண்ட்ராய்டு கைப்பேசி விற்பனைக்கு வந்தபோது, இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். வேலை உள்ள நிரலோ டிரைவரோ ஒரு 'விழிப்புப் பூட்டை'ப் பிடித்துக்கொள்ளும். ஒரு பூட்டாவது பிடிபட்டிருக்கும் வரை கைப்பேசி உறங்காது. இதைப் பொதுவான லினக்ஸ் உட்கருவில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை 2009-லும் 2010-லும் நெடிய வாதங்களுக்கு உள்ளாகி, அந்த வடிவில் ஏற்கப்படவில்லை. அதற்கு மாற்றாக ரஃபேல் விசோட்ஸ்கி என்னும் உட்கரு வல்லுநர் கொண்டுவந்த முறை, 2010 அக்டோபரில் வெளியான 2.6.36 பதிப்பில் இடம்பெற்றது. அதன் அடிப்படை மிக எளியது: எண்ணிக்கை வைத்துக்கொள்வது.

ஒரு சிற்றூர் மருத்துவமனையை நினைத்துக் கொள்ளுங்கள். உள்ளறையில் மருத்துவர், வாசலில் கம்பவுண்டர். வருகிறவர்களை முதலில் கவனித்துச் சீட்டு எழுதி மருத்துவரின் மேசைக்கு அனுப்புவது கம்பவுண்டரின் வேலை. இரவாகிவிட்டது. மருத்துவர் வீட்டுக்குப் போக எண்ணுகிறார். மேசையில் சீட்டு இல்லை என்று கண்டவுடனே விளக்கை அணைத்துவிட்டுப் போகலாமா? கூடாது. அவர் மேசையைப் பார்த்துத் திரும்புவதற்குள் வாசலில் ஒருவர் வந்திருக்கக்கூடும்.

ஆகையால் மருத்துவர் இவ்வாறு செய்கிறார். முதலில், "இதுவரை எத்தனை பேர் வந்து போனார்கள்?" என்று கேட்கிறார். வாசலில் கம்பவுண்டர் ஒருவரையேனும் கவனித்துக்கொண்டிருந்தால், அவரை முடித்து அனுப்பிய பிறகுதான் விடை சொல்வார். "37" என்கிறார். அதன்பின் மருத்துவர் மேசையில் உள்ள சீட்டுகளையெல்லாம் பார்த்து முடிக்கிறார். பிறகு, "37 பேர் வரை ஆயிற்று, மூடலாமா?" என்று கேட்கிறார். எண்ணிக்கை இன்னும் 37-தான், வாசலிலும் யாருமில்லை என்றால் கம்பவுண்டர் சம்மதிக்கிறார். இல்லையெனில், "இல்லை ஐயா, மறுபடி பாருங்கள்" என்று மறுக்கிறார்.

சம்மதித்த பிறகும் கம்பவுண்டரின் கண் வாசலிலேயே இருக்கிறது. சன்னலைச் சாத்தும்போதோ, மின்விசிறியை நிறுத்தும்போதோ ஒருவர் வந்துவிட்டால், செய்ததையெல்லாம் திருப்பிச் செய்து மருத்துவமனையைத் திறந்துவிடுகிறார்.

இங்கே மருத்துவர் என்பது உறங்கலாம் என்று முடிவு செய்யும் நிர்வாக நிரல். கம்பவுண்டர் என்பது உட்கரு. எழுப்பு நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை ஒரு கோப்பில் கிடைக்கும். நிர்வாக நிரல் அதைப் படிக்கிறது. நிகழ்ச்சி ஏதேனும் கையாளப்பட்டுக் கொண்டிருந்தால் அந்தப் படிப்பு முடியாமல் காத்திருக்கும். பின்னர், படித்த எண்ணையே திரும்ப எழுதுகிறது. எண் மாறியிருந்தால் எழுத்து ஏற்கப்படாது, உறக்கம் இல்லை. ஏற்கப்பட்டால் உறக்கப் பயணம் தொடங்கும். வழிநெடுகிலும் பல கட்டங்களில் உட்கரு எண்ணிக்கையைச் சரிபார்க்கும். மாறியிருந்தால் பயணத்தைக் கைவிட்டுத் திரும்பும். மற்றக் குறுக்கீட்டு வழிகளை மூடும்போதும், எழுப்பும் அனுமதி பெற்ற வழிகளை மட்டும் காவலுக்கு விட்டுவைக்கும். அந்தக் காவல் இருந்த இடத்திலிருந்தே வன்பொருளின் காவல் தொடங்குகிறது. ஆகவே இடையில் கவனிப்பாரற்ற நேரமே இல்லை.

99-ஐக் கூட்டும் தந்திரம்

இதில் நான் மிகவும் வியந்த நுட்பம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பவுண்டர் இரண்டு எண்களை வைத்திருக்கிறார். வந்து போனவர் எத்தனை பேர் என்பது ஒன்று. இப்போது வாசலில் இருப்பவர் எத்தனை பேர் என்பது மற்றொன்று. ஒருவர் எழுந்து போகும்போது இரண்டாவதில் ஒன்று குறைய வேண்டும். முதலாவதில் ஒன்று கூட வேண்டும். முதலில் குறைத்துவிட்டு, பிறகு கூட்டலாம் என்று நினைத்தால், அந்த இடைவேளையில் எட்டிப் பார்ப்பவருக்கு "37 பேர் போனார்கள், வாசலில் யாருமில்லை" என்றே தெரியும். ஒருவர் வந்து போனதே மறைந்துவிடும். கணிப்பொறியில் ஒரே நேரத்தில் பல மையச் செயலகங்கள் ஓடுவதால், இப்படி எட்டிப் பார்ப்பது அன்றாடம் நடக்கக்கூடியது.

ஆகவே இரண்டு எண்களையும் ஒரே எண்ணாகச் சேர்த்து எழுதுகிறார்கள். 37 பேர் போய்விட்டார்கள், ஒருவர் இருக்கிறார் என்பதை 3701 என்று எழுதுவோம். அந்த ஒருவரும் போனால் 3800 ஆக வேண்டும். 3701-உடன் 99-ஐக் கூட்டிப் பாருங்கள், 3800 வருகிறது. நூறு கூடி ஒன்று குறைவதுதானே 99! ஒரே கூட்டலில் இரண்டு எண்களும் மாறிவிட்டன. இடைவேளை என்பதே இல்லை. உட்கருவில் இது 32 பிட்டு எண்ணாக இருக்கிறது. மேற்பாதி 16 பிட்டு முடிந்தவற்றுக்கு. கீழ்ப்பாதி 16 பிட்டு நடப்பவற்றுக்கு. நிகழ்ச்சி தொடங்கும்போது 1-ஐக் கூட்டுகிறார்கள். முடியும்போது 99-க்குப் பதிலாக 65,535-ஐக் கூட்டுகிறார்கள். தொடக்கப் பள்ளிக் கணக்கு எங்கே வந்து உதவுகிறது பாருங்கள்!

கைமாற்றும் ஒழுங்கு

எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது. நிகழ்ச்சி எப்போது முடிந்தது என்று யார் சொல்வது? வானொலிச் சில்லின் டிரைவர் தன் வேலையை முடித்துவிட்டது. ஆனால் மணி அடிக்கும் நிரல் இன்னும் செய்தியை எடுக்கவில்லை. டிரைவர் உடனே "முடிந்தது" என்றால் செய்தி நடுவழியில் நின்றுவிடும்.

இதற்கு முதலில் இருந்த வழி, கால அளவு கொடுப்பது. "இன்னும் இத்தனை மில்லிவினாடி விழித்திரு, அதற்குள் மேலே உள்ளவர் எடுத்துக்கொள்வார்" என்று டிரைவர் சொல்லும். இது ஊகமே. நேரம் குறைந்தால் செய்தி தவறும். மிகுந்தால் பேட்டரி வீணாகும். 2012 ஜூலையில் வெளியான 3.5 பதிப்பு இன்னொரு வழியைச் சேர்த்தது. செய்திக்காகக் காத்திருக்கும் நிரல், "நான் எடுத்துக்கொள்ளும் வரை விழிப்பைப் பிடித்து வை" என்று முன்கூட்டியே உட்கருவிடம் சொல்லி வைக்கலாம். செய்தி வரிசையில் சேரும்போதே விழிப்பு பிடிக்கப்படும். நிரல் அதை எடுத்து, கையாண்டு, அடுத்த செய்திக்காகத் திரும்பி வரும்போதுதான் விடுபடும். வேலை அதற்குப் பிறகும் நீளுமானால், நிரல் திரும்பி வருவதற்கு முன்பே தன் பெயரில் இன்னொரு விழிப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இதிலுள்ள நெறி ஒன்றே. சூடான பாத்திரத்தைக் கைமாற்றும்போது, மற்றவர் பிடித்துக்கொண்டார் என்று தெரிந்த பின்னரே நாம் கையை விடுகிறோம். இரு கைகளும் ஒரே நேரத்தில் பாத்திரத்தின் மேல் இருக்கும் ஒரு கணம் இருக்க வேண்டும். அந்தக் கணம் இல்லையென்றால் பாத்திரம் கீழே விழும்.

முடிவாக

இந்த விடையை எடுத்துக்கொண்டு போய்ப் பேராசிரியரிடம் சொன்னேன். தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். "அந்தப் பதினொரு பக்கம் எந்தக் கணக்கில் சேரும்?" என்று மட்டும் கேட்டார். நான் சற்று யோசித்த பிறகே அவர் சொன்னது விளங்கியது.

அதுவரை நான் குற்றத்தை அந்த நகத்தளவு ஏற்பியின் மேலும், பேருந்துச் சாலையின் மேலும் சுமத்திக்கொண்டிருந்தேன். எழக்கூடாத வேளையில் எழுந்தது மடிக்கணினி, உண்மைதான். ஆனால் அதற்கு முன் வேறொன்று நடந்திருந்தது. "சேமித்துவிடுடா" என்று நண்பன் வாசலில் நின்று சொன்னபோது, நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். "ம்" என்று குறிப்பைப் பெற்றுக்கொண்டேன். பெற்றதைச் செய்து முடிக்காமலே உறங்கிப் போனேன். நான் பிடித்துக்கொண்டேன் என்று நம்பி அவன் கையை விட்டுவிட்டான். நானோ பிடிக்கவே இல்லை. அன்றிரவு தொலைந்த எழுப்பு நிகழ்ச்சி என்னுடையது, பொறியினுடையது அன்று.

மாணவ நண்பர்கள் இதிலிருந்து மூன்று செயல்களை மேற்கொள்ளலாம். மடிக்கணினியைப் பையில் வைக்கும் முன், செருகியுள்ள சிறு ஏற்பிகளைக் கழற்றிவிடுங்கள். எந்தெந்தச் சாதனத்துக்கு எழுப்பும் அனுமதி இருக்கிறது என்று ஒருமுறை பார்த்து, வேண்டாதவற்றை நீக்குங்கள். எல்லாவற்றுக்கும் முதலாக, உறங்க வைக்கும் முன் சேமித்துவிடுங்கள், உறக்கம் சேமிப்பாகாது.

என் நண்பன் இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறான். சில நாள் இரவில் கைப்பேசியில் அழைப்பான். இருண்டு கிடக்கும் அந்தச் சிறு பொறி சட்டென்று ஒளிர்ந்து மணி அடிக்கும்போதெல்லாம், அந்த ஒரு குறிப்பைத் தவறவிடாமல் என்னிடம் கொண்டுவந்து சேர்ப்பதற்காக உள்ளே எத்தனை எண்ணிக்கையும், எத்தனை கைமாற்றும் நடந்திருக்கும் என்று எண்ணிக்கொள்வேன். இப்போதெல்லாம் அவன் ஒன்றைச் சொன்னால், செய்து முடித்த பிறகே "ம்" என்கிறேன்.